காதுக்குப் போன கை

மார்ச் 6

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டரம்மாவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த அட்டை திரும்பிக் கிடந்தது. என் பெயர் உங்களுக்குத் தெரியும், ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. "மூணாம் கட்டில்" என்றுதான் கூப்பிட்டார்களாம். சரி, மூணாம் கட்டிலே எழுந்து உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மூச்சு முட்டி அங்கே வந்தேன். என் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். தலையில் பலகை வைத்த அந்தக் காரிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்கு நுரையீரல் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது; அது உங்கள் குற்றமில்லை. காது போயும் பல வருஷம் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு பூராவும் ஹெட்போன் மாட்டி, அடுத்தவர்கள் பேச்சை இணைத்துக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. இரண்டு காதிலும் மிஷின் இருந்தால்தான் எனக்கு உலகம்.

கட்டிலில் கிடத்தியதும் உங்கள் அட்டெண்டர் என் கண்ணாடியைக் கழற்றினார். பல்செட்டை எடுத்தார். காது மிஷின்களையும் பிடுங்கினார். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தம்பி கையில் கொடுத்தார். பிறகு முகத்தில் இறுக்கமான ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, வாரை இழுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினார்கள். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். உங்கள் வாயையும் முகக்கவசம் மறைத்திருந்தது. என்னைப் பார்த்து என்னவோ கேட்டீர்கள். நெற்றி சுருங்கியது, கவசம் அசைந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நான் பதில் சொல்லவில்லை. உடனே தம்பி பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

அவனிடம் என்ன கேட்டீர்கள் என்று அவனே பிறகு சொன்னான். பெருமையாக வேறு சொன்னான். "எல்லாம் செய்யலாமான்னு டாக்டர் கேட்டாங்க. ஒண்ணையும் விடாதீங்க, எல்லாத்தையும் செய்யுங்கன்னு சொல்லிட்டேன்."

எந்தத் தம்பி, "இல்லை, கொஞ்சமாகச் செய்யுங்கள்" என்று சொல்வான்?

நான் அங்கேதான் இருந்தேன், டாக்டரம்மா. உங்கள் முழங்கைக்கும் அவன் தொப்பைக்கும் நடுவில் கிடந்தேன். தொண்டை என்னுடையது, செயற்கை மூச்சுக்கான குழாய் இறங்கப்போவது எனக்குள். சம்மதம் மட்டும் அவனுடையதா? தையல்காரர்கூடச் சட்டை போடப்போகிற ஆளைத்தான் அளவெடுப்பார்.

ஏன் என்னைக் கேட்கவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். மன்னிப்பு வேண்டாம், அதை வாங்கி நான் எங்கே வைப்பது?

மூணாம் கட்டில்


மார்ச் 15

மதிப்புக்குரிய அம்மா,

தங்கள் கடிதம் மருத்துவமனை நிர்வாகம் மூலம் என்னிடம் வந்தது. தாங்கள் குணமாகி வீடு திரும்பியதில் மகிழ்ச்சி.

தாங்கள் வந்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் மிக ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. தங்களிடம் இருமுறை கேட்டேன்; பதில் இல்லை. தவிர, தாங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கைத் திரும்பத் திரும்பப் பிடுங்க முயன்றீர்கள். மூச்சுத் திணறலில் மூளை குழம்பும்போது நோயாளிகள் அப்படிச் செய்வது வழக்கம். தங்கள் பாதுகாப்புக்காகவே கைகளைக் கட்டச் சொன்னேன். நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது நெருங்கிய உறவினரிடம் கேட்பதே நடைமுறை.

நாங்கள் அன்று தாமதிக்காமல் செயல்பட்டதால்தான் தங்களால் இன்று கடிதம் எழுத முடிகிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவு


மார்ச் 21

டாக்டரம்மா,

முதலில் ஒரு விஷயம். நான் யாருக்கும் அம்மா இல்லை. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஊரில் வயசான பொம்பளை என்று யாரைப் பார்த்தாலும் அம்மா போட்டுவிட்டால் மரியாதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்புறம் அந்த "பணிவுடன்". அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் மாஸ்க்கைப் பிடுங்கவில்லை. என் கை காதுக்குப் போனது.

மிஷின் இல்லை, மாட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வேறு வழி இல்லை. வாயை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். உங்கள் மாஸ்க்கின் வார் என் காதை ஒட்டித்தான் ஓடுகிறது. நான் காதைத் தொட்டேன், நீங்கள் வாரைப் பார்த்தீர்கள். முதல் தடவை நர்ஸ் கையை எடுத்துக் கீழே வைத்தார். மறுபடி கொண்டுபோனேன். தட்டிவிட்டார். இன்னொரு தடவை கொண்டுபோனேன். துணியைச் சுற்றிக் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். தெளிவாக ஒரு காரியம் கேட்டேன். அதற்கு உங்கள் ஊரில் குழப்பம் என்று பெயர். நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள்.

அந்தப் பை தம்பி கையில் ஆடிக்கொண்டே இருந்தது. என் காது அதற்குள் கிடந்தது. எட்டினால் பிடித்துவிடலாம்.

உயிரோடு இருக்கிறாய் அல்லவா, வாயை மூடு என்கிறீர்கள். காப்பாற்றியதைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொன்னேனா? நீங்கள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? "போடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குப் பயமாக இருந்தது, சாக மனசில்லை. எத்தனை நாள் இருக்கும், எடுக்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். பதிலை வாங்கிக்கொண்டு வாயைத் திறந்திருப்பேன்.

நடந்தது என்ன? ஒரு நாள் கண் விழித்தேன். தொண்டைக்குள் என்னவோ இருந்தது. பேச வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எதிரே எல்லாம் மங்கல். செத்துவிட்டோம் போலிருக்கிறது, செத்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன், டாக்டரம்மா. யாரோ வந்து முகத்துக்கு நேரே குனிந்து என்னவோ சொல்லும்வரை. சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை. அதற்கு உங்கள் நடைமுறையில் என்ன பெயர்?

குழம்பாத மூணாம் கட்டில்


ஏப்ரல் 2

மேடம்,

இதை நிர்வாகத்திடம் காட்டாமல் எழுதுகிறேன். போன கடிதத்தில் பாதி அவர்கள் எழுதியது. பாதி நான் எழுதியது, அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி செய்தேன். கண்ணாடி முன்னால் இல்லை, எங்கள் நர்ஸ் முன்னால். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காதைத் தொட்டுவிட்டு, "நான் என்ன செய்யறேன், சொல்லு" என்று ஜாடை காட்டினேன். "மாஸ்க்கைக் கழட்டப் பாக்கறீங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். இதுவரை எத்தனை பேர் கையைக் கட்டச் சொல்லியிருப்பேன், அதில் எத்தனை கை காதுக்குப் போனது என்று எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நுரையீரல் கெட்டுப் பல வருஷம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் மாத்திரை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவராவது, "ஒருநாள் இது முற்றும், அப்போது உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டாரா? அவர்கள் கேட்கவில்லை, விடுங்கள். நீங்களாவது தம்பியிடம் சொன்னீர்களா? எல்லோரும் சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மூச்சு நிற்கப்போகிற நேரத்தில் அந்தப் பேச்சை என் தலையில் கொண்டுவந்து கட்டுவீர்கள். முன்பின் தெரியாத நான், நின்ற நிலையில், ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கப் பேசாததைப் பேசி முடிக்க வேண்டும். போன வாரம் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கட்டிலைச் சுற்றி மூன்று மகன்கள். "அப்பாவுக்கு இந்த நிலைமையில எது பிடிச்சிருக்கும், எது பிடிக்காது?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன், "காபி பிடிக்கும்" என்றான்.

"எல்லாம் செய்யலாமா" என்பது மோசமான கேள்விதான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படிக் கேட்டார்கள், நானும் அப்படியே கேட்கிறேன். அவசரத்தில் வாய்க்கு முதலில் வருவது அதுதான்.

இப்போது உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். இந்த மூச்சுத் திணறல் மறுபடி வரும். அடுத்த தடவை குழாய் போட்டால் அதை வெளியே எடுக்க முடியுமா என்பது சந்தேகம். எடுக்க முடியாமலே போகலாம். குழாய் இல்லாமலும் மூச்சுத் திணறலைத் தணிக்க மருந்து உண்டு; ஆனால் அது உயிரைப் பிடித்து வைக்காது.

உங்களுக்கு என்ன வேண்டும்? உங்களைத்தான் கேட்கிறேன்.

டாக்டர்


ஏப்ரல் 19

டாக்டரம்மா,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்தது. போன கடிதத்தில் ஆளே இல்லை, வெறும் லெட்டர்பேடுதான் இருந்தது. இதில் ஒரு மனுஷி இருக்கிறாள்.

"எடுக்க முடியாமலே போகலாம்" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைப் பார்க்கிற டாக்டர் ஒவ்வொரு தடவையும் முதுகில் தட்டி, "ஜம்முனு இருக்கீங்க" என்பார். இத்தனை நாள் அந்த ஜம்மை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். நானாவது சொன்னேனா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. என்னிடம் ஒருவரும் உண்மையைச் சொல்லாதபோது நான் எதை எடுத்துத் தம்பியிடம் சொல்வது?

இப்போது தெரிந்துவிட்டது, போய்ச் சொன்னேன். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அடுத்த தடவை எனக்குக் குழாய் வேண்டாம்டா" என்றேன்.

"சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது" என்றான். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கையில் இருந்தது அழுக்குத் துணி.

விடாமல் பின்னாலேயே போனேன். உள்ளே போய் டிவி போட்டான். சத்தத்தைக் கூட்டினான். காது கேட்காதவளை வாயடைக்க அவனுக்கு டிவி சத்தம் தேவைப்படுகிறது பாருங்கள். அவன் தொழில் அப்படி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகிவிட்டான். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் வண்டி அவன் காலில்தான் நிற்க வேண்டும். மருந்துக் கடையில் என்னைக் கேட்டால் அவன் பதில் சொல்கிறான். பேங்க்கில் என்னைக் கேட்டால் அவன் பதில் சொல்கிறான். எனக்குக் காது போன நாளிலிருந்து வாயும் போய்விட்டது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அப்போதுதான் சொன்னான். "நான் வேணாம்னு சொல்லி நீ போயிட்டேன்னா, அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படி உக்காருவேன்? அக்காவைக் கொன்னது நான்தான்னு எனக்கே தோணாதா?"

அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான் இந்த வீட்டில். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

"உன்னை யாருடா சொல்லச் சொன்னா? நான் சொல்றேன். நீ மிஷினை மட்டும் என் காதுல மாட்டு. அது போதும்."

அவன் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஏற்கனவே துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். குழாய் வேண்டாம். மாஸ்க் பரவாயில்லை. திணறல் தெரியாமல் இருக்க மருந்து வேண்டும். கையைக் கட்டக்கூடாது. மிஷின் கடைசிவரை காதில் இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டவள் என் கடைசிப் பேச்சைக் கேட்காமல் போகமாட்டேன். அந்த நேரத்தில் பயந்துபோய் என் மனசு மாறினாலும் மாறலாம். அப்போதும் என்னையே கேளுங்கள்.

மூணாம் கட்டில்


மே 8

மேடம்,

நீங்கள் எழுதியதை உங்கள் கோப்பில் முதல் பக்கமாக வைத்துவிட்டேன். மற்ற டாக்டர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் வருகிற அன்று நான் டியூட்டியில் இருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

அட்டெண்டரிடம் பேசினேன். அவர்மேல் பாயலாம் என்றுதான் போனேன். காது மிஷினை ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டால் அவர் பெரிய கதை வைத்திருக்கிறார். முன்பு ஒரு நோயாளியின் மிஷின் தொலைந்துபோய், வீட்டார் வந்து கூச்சல் போட்டு, பழி முழுவதும் அவர் தலையில் விழுந்ததாம். அன்றிலிருந்து கட்டிலில் ஏற்றியவுடன் பை. "பையில போட்டுக் கையில குடுத்துட்டா என்னைக் கேக்க மாட்டாங்க" என்றார். பொருள் தொலையக்கூடாது என்று இவ்வளவு பத்திரமாக இருக்கிறோம். அதை மாட்டியிருந்த ஆள் தொலைந்ததைக் கண்டுகொள்ளவில்லை.

மிஷினும் கண்ணாடியும் நோயாளியிடமே இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். பெரிய டாக்டர் சிரித்தார். "நீ உயிரைப் பாக்க வந்தியா, காதைப் பாக்க வந்தியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை, உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டாக்டர்


ஆகஸ்ட் 11
மேல் மாடி வார்டு

டாக்டரம்மா,

படுத்தபடி எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீங்கள் இரண்டு மாடி கீழேதான் இருக்கிறீர்கள். ஆனால் வாயால் பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் திட்டவும் முடிகிறது.

முந்தாநாள் காரில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது போன தடவை மாதிரி இல்லை என்று. தம்பி மிஷினை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தான். வழி முழுக்க ஊய் ஊய் என்று விசில். அந்த விசிலுக்கு நடுவிலேயும் நீங்கள் கேட்டது எனக்குக் கேட்டது. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, குனிந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். குழாய் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்றேன். யாரும் என் கையைத் தொடவில்லை.

எனக்கு இப்போது ஒரே ஒரு உறுத்தல். என்னைக் கேட்பதற்கு முன்னால் நீங்களும் தம்பியும் வராந்தாவுக்குப் போனீர்கள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். அவன் உங்களைப் பார்த்துக் கையை ஓங்கினான். என்னடா சண்டை என்று இவனைக் கேட்டால், ஒன்றுமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான். மறுபடியும் எல்லாம் செய்யுங்கள் என்று கத்தினானா? அவனை அடக்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தீர்களா? அப்படியென்றால் நான் கண்ணை மூடினதும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குழாயை இறக்கிவிட மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்?

மழுப்பாமல் எழுதுங்கள். எனக்கு நேரம் அதிகம் இல்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

இந்த வார்டில் நான் ஒன்பதாம் கட்டிலாம்.


ஆகஸ்ட் 11, மாலை

மேடம்,

சண்டை நடந்தது உண்மை. நியாயம் அவர் பக்கம்.

அன்று நீங்கள் வந்த நேரத்தில் விபத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தையே கொண்டுவந்திருந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்திருந்தோம். உங்களுக்கு மாஸ்க் மாட்டச் சொல்லிவிட்டு நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அட்டெண்டர் பையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மணிக்கட்டை உங்கள் தம்பி பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கொடுக்கவில்லை, மிஷினைத் தொட விடவில்லை. "என்கிட்ட குடுக்காதீங்க, எனக்கு வேணாம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் உங்கள் தம்பியின் தோளைத் தொட்டு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் கடிதங்கள் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. கோப்பின் முதல் பக்கத்தில் உங்கள் பதில் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று அவ்வளவு பேசியவள் நான். அப்படி இருந்தும், ஓடி வந்த அவசரத்தில், என் வாயில் வந்தது அந்தப் பழைய கேள்வி. "எல்லாம் செய்யலாமா?" என்று அவரைக் கேட்டேன்.

அப்போதுதான் அவர் கையை ஓங்கினார்.

"என்னை எதுக்கும்மா கேக்கறீங்க? அவ முழிச்சிட்டுதான் இருக்கா. காதுல மிஷின் இருக்கு, நானே மாட்டினேன். போய் அவளைக் கேளுங்க."

வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"வேணாம்னுதான் சொல்லுவா. எனக்குத் தெரியும். இருந்தாலும் அவளையே கேளுங்க."

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

டாக்டர்